துப்பாக்கி பின்னால் உதைப்பதேன்?

தேசிய மாணவர் படை முகாமுக்குச் சென்று வந்த தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். "ரைபிள் சுட்டோம்; தோளில் உதைக்கவே இல்லை" என்பார்கள். ஓய்வு பெற்ற காவலர் ஒருவரைக் கேட்டால், "பயிற்சியின்போது தோள்பட்டை கன்றிப் போயிற்று" என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. மாணவர்கள் சுட்டது 0.22 ரைபிள், காவலர் சுட்டது 0.303 ரைபிள். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? புதிதாகப் பழகுவோருக்கு ஏற்ற துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? உங்கள் இயற்பியல் பாடமே இதற்கு விடை சொல்லும்.

உந்தம் மாறா விதி

கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, ரப்பர் குழாயின் வாயைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? நீர் முன்னே பாய, குழாய் உங்களைப் பின்னே தள்ளும். துப்பாக்கியில் நிகழ்வதும் இதுவே. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டை முன்னால் தள்ளுகிறது. அதே அளவு விசையுடன் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி.

சுடுவதற்கு முன் குண்டும் துப்பாக்கியும் அசைவின்றி இருந்தன. ஆகவே மொத்த உந்தம் சுழி. சுட்ட பின்பும் அது சுழியாகவே இருக்க வேண்டும். குண்டும் வாயுவும் முன்னோக்கி எவ்வளவு உந்தம் பெறுகின்றனவோ, அவ்வளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 0.303 ரைபிளின் குண்டு 11.3 கிராம் நிறை உடையது. வினாடிக்கு ஏறக்குறைய 740 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம் சுமார் 8.4 அலகு (கிலோகிராம் மீட்டர்/வினாடி). பின்தொடரும் வாயுவின் பங்கையும் சேர்த்தால் 11 அலகுக்குச் சற்று அதிகம். துப்பாக்கியின் நிறை 4 கிலோகிராம் எனக் கொண்டால், அது பின்னோக்கி வரும் வேகம் வினாடிக்கு 2.8 மீட்டர்.

0.22 ரைபிளின் குண்டோ வெறும் 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 மீட்டர் அளவு. உந்தம் 0.86 அலகு. அதில் எரியும் மருந்து மிகக் குறைவாதலால் வாயுவின் பங்கும் சிறிது. துப்பாக்கியின் நிறை 2.8 கிலோகிராம், ஆகவே பின்னோக்கு வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 0.3 மீட்டர்தான்.

இந்த எண்களின் பொருள் என்ன? 4 கிலோ எடையை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 2.8 மீட்டர். அந்த அடியைத் தோள் தாங்க வேண்டும்! 0.22 ரைபிளின் உதைப்போ, 2.8 கிலோ எடை அரை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதை நீங்கள் உணர்வதே அரிது.

பழகுநர்க்கு ஏற்றது எது?

உதைப்புக்கு அஞ்சுபவர், விசையை இழுக்கும் கணத்தில் தம்மை அறியாமலே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்வார், குழல் சற்றே விலகும், குறி தவறும். இப்பழக்கம் படிந்துவிட்டால் நீக்குவது கடினம். ஆகவே முதல் துப்பாக்கியின் உதைப்பு குறைவாக இருத்தல் வேண்டும். உந்தக் கணக்கு இதற்கு இரு வழிகளைக் காட்டுகிறது: குண்டின் உந்தம் சிறிதாக இருக்கட்டும், துப்பாக்கியின் நிறை பெரிதாக இருக்கட்டும். பின்கட்டையைத் தோளோடு இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான். அப்போது உங்கள் உடலின் நிறையும் துப்பாக்கியோடு சேர்ந்துவிடும். இடைவெளி விட்டுப் பிடித்தால் அது சம்மட்டி போல வந்து தாக்கும்.

மாணவர் ரைபிள் 'போல்ட்' வகையைச் சேர்ந்தது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போலவே, கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் திறக்கும். தள்ளி மடக்கினால் பூட்டிக்கொள்ளும். உறுப்புகள் குறைவு, ஆகவே விலையும் பழுதும் குறைவு. ஒவ்வொரு முறையும் கையால் இயக்கினாலன்றி அடுத்த தோட்டா உள்ளே செல்லாது. போல்ட்டைத் திறந்து வைத்தால், அறை காலியாக உள்ளதா என்பதைப் பயிற்சியாளர் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். 1887-இல் வந்த நீள்வகை 0.22 தோட்டா, சிறியது; செலவு குறைந்தது. இன்றும் உலகெங்கும் பழகுநர் பயன்படுத்துவது அதுவே.

அதனினும் மெல்லியது காற்றுத் துப்பாக்கி. அரை கிராம் ஈயக் குண்டைக் காற்றழுத்தமே தள்ளுகிறது. போட்டித் துப்பாக்கியின் நிறை 5.5 கிலோ வரை இருக்கலாம். ஆதலால் உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான்! 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இப்பிரிவில்தான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் பயன்படுவது 0.22 ரைபிள்.

தோள் சொல்லாத செய்தி

"உதைப்பே இல்லையே, அப்படியானால் இது விளையாட்டுப் பொருள்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எச்சரிக்கை தேவை. குண்டும் துப்பாக்கியும் பெறும் உந்தம் ஏறக்குறைய சமம். ஆனால் அவை பெறும் ஆற்றல் சமம் அன்று. இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 0.22 ரைபிள் பின்னோக்கிப் பெறும் ஆற்றல் 0.13 ஜூல். அதன் குண்டு பெறும் ஆற்றலோ சுமார் 140 ஜூல். அதாவது ஆயிரம் மடங்கு! தோளில் பட்டதைக் கொண்டு குண்டின் கொடுமையை அளவிட இயலாது.

அக்குண்டு காற்றில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வல்லது. நம் அன்னூர்ப் பகுதியை எண்ணிப் பாருங்கள். சோளக்காட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் சாளை. அதற்கப்பால் பள்ளிக்குச் செல்லும் பாதை. தகர டப்பாவை வைத்துச் சுட்டு விளையாடினால், குண்டு டப்பாவைத் துளைத்துச் செல்லும். கல்லில் பட்டால் எதிர்பாராத திசையில் தெறிக்கும். ஆகையால்தான் பயிற்சிக் களத்தில் இலக்குக்குப் பின்னே உயர்ந்த மண்மேடு அமைக்கிறார்கள். குண்டின் ஆற்றல் முழுவதையும் மண் வாங்கிக்கொள்ளும்.

வேட்டைக்கும் இங்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்துள்ளது. நிலக்கடலையைக் கொத்தும் மயிலானாலும், உழவர் தாமாகச் சுட முடியாது. வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, 0.22 ரைபிள் வைத்திருக்க உரிமம் வேண்டும். 21 வயது நிரம்பாதவர் அதைப் பெற இயலாது. விதிகளுக்கு உட்பட்ட பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே மாணவர் படையும் துப்பாக்கி சுடும் கழகங்களுமே உங்களுக்குரிய வழி.

இப்போது ஒரு கணக்கு. அரை கிராம் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்கிறது. துப்பாக்கியின் நிறை 5 கிலோகிராம். துப்பாக்கியின் பின்னோக்கு வேகம் என்ன? குண்டின் ஆற்றல் என்ன? இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். 'காற்றுத் துப்பாக்கிதானே' என்று எண்ணி அதை எவர் பக்கமும் நீட்டலாகாது என்பதை அந்த விடையே உங்களுக்கு உணர்த்தும்.