படம் ஏறிய பிறகு கன்று என்ன ஆகிறது?

தாயின் பெயரில் ஒரு மரம் என்று பொருள்படும் 'ஏக் பேட் மா கே நாம்' இயக்கத்தின் இரண்டாம் கட்டம் 2025 ஜூன் 5 அன்று தொடங்கிச் செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அந்த நாள்களில் புனேயின் ஏரவாடா போன்ற நெருக்கடியான பகுதிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் பலர், பள்ளி கேட்கும் படத்துக்கு எங்கே கன்று நடுவது, நடாவிட்டால் மதிப்பெண் குறையுமா, நட்டபின் அதற்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்டனர். இவற்றில் மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விட ஆழமானது.

இயக்கம் பள்ளிகளை எட்டுவது 'மிஷன் லைஃப்' சூழல் மன்றங்களின் வழியாக. சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கைமுறை என்பதே இதன் பொருள் என்று அரசு விளக்குகிறது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவிக்கப்பட்டு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், ஆலைகளையும் நகராட்சிகளையும் நோக்கிக் கேட்க வேண்டியவற்றை விட்டுவிட்டு, தனிமனிதரின் அன்றாடப் பழக்கங்களிலிருந்தே பேசத் தொடங்குகிறது என்பதையும் அந்த விளக்கத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

செயல்முறை எளிது. பிள்ளை தாயுடன் சேர்ந்து கன்றை நடுகிறது. படம் எடுக்கப்பட்டு இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. பெயர் பொறித்த சான்றிதழ் கிடைக்கிறது. ஏறிய படங்களின் கூட்டுத்தொகை தேசிய இலக்கில் சேர்கிறது. இந்தக் கட்டத்துக்கான இலக்கு 10 கோடிக் கன்றுகள். இந்த அமைப்பில் ஒரு நுட்பமான அறிவு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆய்வாளர் எவரையும் அனுப்பாமலே கோடிக்கணக்கான இடங்களிலிருந்து சான்று தானாக வந்து சேர்கிறது, அதற்கான உந்துதலையும் அரசாணை தராமல் தாயின் மீதுள்ள பாசமே தந்துவிடுகிறது. கவலைக்குரியதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. படம் பதிவுசெய்வது கன்றின் முதல் நாளை; அன்றைக்கு எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் நிற்கும். க்யூ.ஆர். குறியீட்டின் வழியே வளர்ச்சியைப் பின்தொடரலாம் என்று சொல்லப்பட்டாலும், அறிக்கைகளில் தலைப்புச் செய்தியாக வருவது நடப்பட்ட எண்ணிக்கையே ஒழிய, பிழைத்த எண்ணிக்கை அன்று.

புனேயின் பருவத்தை அறிந்தவர்களுக்குக் கடைசி நாளே ஒரு சிக்கலாகத் தோன்றும். இங்கே மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து தீர்கிறது; அக்டோபரில் தரை காயத் தொடங்கினால் அடுத்த ஜூன் வரை வானத்தை நம்ப முடியாது. ஜூன் இறுதியில் நட்ட வேம்புக்கோ புங்கனுக்கோ வேர் இறங்க மூன்று மாத ஈரம் கிடைக்கிறது. கெடு நெருங்கிவிட்டதென்று செப்டம்பர் கடைசி வாரத்தில் பள்ளிச் சுவரோரம் அவசரமாக ஊன்றப்படும் கன்றுக்கோ, பிளாஸ்டிக் பையிலிருந்து பிரித்த மண்கட்டி இறுகும் முன்பே வறட்சி வந்துவிடுகிறது. தீபாவளி விடுமுறையில் வாளித் தண்ணீர் ஊற்றவும் ஆளிருப்பதில்லை. நடுவதற்கு ஏற்ற காலம் முடியும் தறுவாயில் நடச்சொல்லித் துரத்தும் கெடுவை, மண்ணை அறிந்த எவரும் வகுத்திருக்க மாட்டார்.

இதே மகாராஷ்டிர மாநிலத்தின் மரச்சட்டம் பெரியவர்களிடம் வேறொரு கணக்குக் கேட்கிறது. நகர்ப்புற மரங்களைக் காக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2021இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 50 ஆண்டோ அதற்கு மேலோ வயதுள்ள மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என வரையறுத்ததோடு, வெட்டப்படும் மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை மரங்களை ஈடாக நடவேண்டும், அவை ஆறு முதல் எட்டு அடி உயரமுள்ளவையாக இருக்கவேண்டும், இருப்பிடம் பதியப்பட்டு ஏழு ஆண்டுகள் பிழைக்கும்படி பராமரிக்கப்படவேண்டும் என்கிறது. பணமாக ஈடு செலுத்தும் வாய்ப்பும் உண்டு என்பதால் இந்த விதி ஓட்டையில்லாததன்று. ஆயினும் மரம் என்றால் ஏழாண்டு உயிர் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. கட்டுமானக்காரரிடம் ஏழாண்டு கேட்கும் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளையிடம் ஒரு படம் மட்டும் கேட்கப்படுவது, பிள்ளைக்குக் காட்டும் சலுகையாகாது. கற்கும் வாய்ப்பையே பிள்ளையிடமிருந்து பறிப்பதாகும்.

எண்ணிக்கையை இலக்காக்குவதன் விளைவை மகாராஷ்டிரம் முன்பே கண்டிருக்கிறது. 2016இல் 2 கோடி, 2017இல் 4 கோடி, 2018இல் 13 கோடி, 2019இல் 33 கோடி என ஏறிச்சென்ற மாநில நடவு இயக்கத்தின் இலக்குகளுக்குப் பிறகு, அதை விசாரிக்க 2021இல் சட்டமன்றக் குழு அமைக்கும் நிலை வந்தது. எந்த இனம், எந்த நிலம் என்று கேட்காத நடவு என்ன செய்யும் என்பதற்குப் புனேயின் குன்றுகளே சாட்சி: விரைவில் வளர்கிறதென்று நடப்பட்ட அயல்நாட்டு கிளைரிசிடியா, புல்லும் முட்புதரும் இயல்பாக நிற்கவேண்டிய சரிவுகளில் அடர்ந்து பரவியிருக்கிறது.

ஏரவாடாவில் இன்னொரு இழப்பும் கணக்கில் வராமல் போகிறது. முளா-முட்டா ஆற்றங்கரையில் டாக்டர் சாலிம் அலி பறவைகள் சரணாலயம் என அழைக்கப்படும் பகுதி, நட்டு வளர்த்த தோப்பன்று. சேறும் நாணலும் தானே முளைத்த மரங்களும் சேர்ந்து நீர்ப்பறவைகளுக்கு இடம் கொடுக்கும் கரை அது. அதே ஆற்றின் கரைகளை அழகுபடுத்தும் 44 கிலோமீட்டர் திட்டத்துக்காக மரங்கள் அகற்றப்படுவதை எதிர்த்து 2023இல் புனே மக்கள் மரங்களைக் கட்டியணைத்து ஊர்வலம் சென்றனர். ஏற்கெனவே நிற்கும் மரத்தை நிற்கவிட்டதற்கு எந்தத் தளத்திலும் சான்றிதழ் இல்லை. காப்பது என்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டால், அந்தக் கரையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

பள்ளி விரும்பினால் செலவில்லாமலே இதைத் திருத்த முடியும். நட்ட கன்றுகளுக்கு ஒரு பதிவேடு திறந்து, மாதம் ஒருமுறை உயரத்தையும் தண்டின் சுற்றளவையும் நூல் வைத்து அளந்து, பட்டுப்போனதை அடித்துவிடாமல் ஆடு மேய்ந்ததா, வேர் அழுகியதா, தண்ணீர் தவறியதா என்று காரணத்தோடு எழுதச்செய்வது போதும். சுற்றுச்சூழலை எல்லா வகுப்புகளிலும் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணைக்கு உண்மையில் பொருள் தருவது இத்தகைய பதிவேடுதான்.

எஞ்சிய ஐயங்களுக்கு விடை சுருக்கமானது. சான்றிதழ் ஊக்கத்துக்காகத் தரப்படுவது. தேர்வு மதிப்பெண்ணோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தேவையில்லை. தாய் உடன் இருக்க இயலாவிட்டால் அவர் படத்தை வைத்துக்கொண்டு நடலாம் என்று இயக்கமே சொல்கிறது, ஆனால் தாயை இழந்த பிள்ளையை வகுப்பின் முன் அந்த விளக்கத்துக்கு நிறுத்தாமல் இருப்பது ஆசிரியரின் கடமை. ஏரவாடாவின் குடிசைப்பகுதிகளில் அரசுத் திட்டத்தில் கட்டித்தரப்பட்ட வீடுகளின் பரப்பு சுமார் 25 சதுர மீட்டர் என்பதால், அங்கே இடம் தேடும் பொறுப்பைக் குடும்பத்தின் மீது சுமத்தாமல் பள்ளியே ஏற்கவேண்டும். கெடுவுக்குள் நட முடியாதவர்கள் கன்றைப் பெரிய பைக்கு மாற்றி, அரைநிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிவந்து, அடுத்த ஜூனில் முதல் மழை மண்ணில் இறங்கியபின் நடலாம். கன்றுக்கு அதுவே நல்லது.