வண்டி வாசிக்கும் கடிதம்: எழுத்து, குரல், கவனம்

1

ஓட்டுகிறவரின் கை ஸ்டியரிங்கை விட்டு நகர வேண்டாம். கண் சாலையை விட்டு விலக வேண்டாம். சட்டைப் பைக்குள் கிடக்கும் கைபேசிக்கு வந்த செய்தியைக் காரே படித்துச் சொல்லும். பதிலை வாயால் சொன்னால் எழுத்தாக்கி அனுப்பியும் விடும். புளூடூத் வழியாகக் காரும் கைபேசியும் சேர்ந்து செய்கிற இந்த வேலையைப் 'பாதுகாப்பு வசதி' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இதைத் தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாமல் ஒரு வாசிப்புமுறையாகப் பார்க்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பிரதியை யார், யாருக்காக, எந்த நிலையில் வாசிக்கிறார்கள் என்பது விமர்சனத்துக்குப் புதிய கேள்வி அல்ல. கவிதைக்கும் நாவலுக்கும் கேட்கிற அதே கேள்வியை 'எங்க இருக்க?' என்று வந்து விழும் ஒருவரிச் செய்திக்கும் கேட்கலாம். கேட்டால், கை விடுபடுவதும் ஆள் விடுபடுவதும் ஒன்றல்ல என்பது தெரியவரும்.

2

முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். புளூடூத் என்பது குறைந்த தூர ரேடியோ அலை. சுவீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் 1994-ல் தொடங்கிய ஆராய்ச்சி இது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனின் பட்டப்பெயரை இதற்குச் சூட்டினார்கள். 1998-ல் எரிக்ஸன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து பொதுத் தரமாக்கின. இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள ஒவ்வொரு வேலைக்கும் தனி ஒப்பந்தம் உண்டு. அழைப்புக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, தொலைபேசி எண் பட்டியலுக்கு ஒன்று. செய்திகளுக்கான ஒப்பந்தம் 2009-ல் வந்தது. அதன்படி கைபேசி வைத்திருப்பவர்; கார் கேட்டு வாங்குபவர். செய்தி வந்ததும் கைபேசி ஒரு குறிப்பு அனுப்பும், கார் அந்த எழுத்துகளைக் கேட்டு வாங்கி, தனக்குள் இருக்கும் குரல் இயந்திரத்திடம் கொடுக்கும். அது எழுத்தை ஒலியாக்கும்.

இதற்கு முன்பே, 2007-ல், ஃபோர்டு நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து 'சிங்க்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அது குறுஞ்செய்திகளைப் படித்துக் காட்டியது. ஆங்கில இளைஞர்கள் எழுதும் 'எல்ஓஎல்' போன்ற சுருக்கங்களை விரித்துச் சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எழுத்தை அப்படியே ஒலித்தால் போதாது, எழுதியவர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த அறிவு ஆங்கிலத்துக்கு மட்டும் கிடைத்தது.

பதில் சொல்வது இதைவிடச் சிக்கல். 'வண்டி ஓட்டுகிறேன், பிறகு பேசுகிறேன்' என்பதுபோல முன்பே எழுதி வைத்த வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது ஒரு வழி. நம் வாக்கியத்தை நாமே சொல்வது மற்றது. இரண்டாவதில் நம் குரல் பெரும்பாலும் எங்கோ இருக்கிற கணிப்பொறிக்குப் போய், அங்கே எழுத்தாகித் திரும்பி வருகிறது. அதாவது சிக்னல் வேண்டும். 2015-க்குப் பிறகு பரவிய ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே போன்றவற்றில் காரின் திரை கைபேசியின் திரையாகவே ஆகிவிட்டது. வாட்ஸ்அப் செய்தியும் அந்த வழியில்தான் வருகிறது. பழைய வழியில் மட்டும் இணைந்திருக்கும் கார் கேட்டு வாங்குவது சாதாரணக் குறுஞ்செய்தியைத்தான். நம் ஊரில் இன்று அதில் வருவது பெரும்பாலும் வங்கிக்காரரின் எச்சரிக்கை, கடன் தவணை, ஓடிபி. வாடகை வேனில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு போகிறவரின் தவணை பாக்கியைப் பத்துப் பேர் காதிலும் போடுவதற்குத்தான் அது உதவும்.

3

தமிழுக்கு வருவோம். குறுஞ்செய்தியின் அளவு 140 பைட். ஆங்கில எழுத்தானால் 160 கொள்ளும். யூனிகோடு முறையில் தமிழில் எழுதினால் 70 குறியீடுகள்தான். அதிலும் 'போ' என்பது நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு: பகரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. பழைய கைபேசிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு தலைமுறையையே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழக்கிவிட்டன. இன்று தமிழ் விசைப்பலகை கையிலேயே இருந்தும் பலருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

எம், ஏ, எல், ஏ, ஐ என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் வருகின்றன. இது மலையா, மாலையா? ழகரத்தை எல் என்றே எழுதுகிறவராக இருந்தால் மழையாகவும் இருக்கலாம். 'இன்னைக்கு ... வரும்' என்ற சட்டகத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். அனுப்பியவர் யார், எங்கிருந்து, மணி என்ன என்பதெல்லாம் தெரிந்த கண் ஒரு நொடியில் சரியான சொல்லைப் பிடித்துவிடும். ஆங்கில ஒலிவிதிக்கு அமைக்கப்பட்ட கார் இதை ஏதோ ஒரு தென்கிழக்காசிய ஊர்ப் பெயர் மாதிரி உச்சரித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஓட்டுகிறவர் என்ன செய்வார்? காதில் விழுந்த ஆங்கில ஒலியை மனதுக்குள் திரும்ப எழுத்தாக்கி, அந்த எழுத்தைத் தமிழ் ஒலியாக்கி, பிறகு பொருள் தேடுவார். கண்ணின் வேலையைக் குறைப்பதாகச் சொன்ன கருவி அவர் தலைக்குள் மூன்று வேலைகளை ஏற்றிவிடுகிறது. முடியாதபோது அவர் செய்வது ஒன்றுதான்: கைபேசியை எடுத்துப் பார்ப்பார்.

செய்தி தமிழ் எழுத்திலேயே வந்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. பேச்சும் எழுத்தும் பிரிந்து நிற்கும் மொழி நம்முடையது. மொழியியலாளர் ஃபெர்குசன் 1959-ல் இப்படிப்பட்ட மொழிகளின் நிலையை 'இரட்டை வழக்கு' என்று விளக்கினார். குறுஞ்செய்தி இந்த இரண்டிலும் சேராத, அல்லது இரண்டிலும் ஒரு காலை வைத்திருக்கிற ஒன்று. எழுத்தில் வரும் பேச்சு அது. 'வந்துட்டேன்' என்பதும் 'வந்துட்டிருக்கேன்' என்பதும் காதுக்கு மிகப் பக்கம். முதலாவது வந்து சேர்ந்தாயிற்று என்கிறது. இரண்டாவது இன்னும் வழியில் என்கிறது. வேன் சத்தத்தில், கன்னடமும் தெலுங்கும் பக்கத்தில் உரசிக்கொண்டிருக்கிற தர்மபுரிப் பேச்சில் சொல்லப்படுகிற இந்த வாக்கியத்தில் ஒரு அசையை இயந்திரம் விழுங்கிவிட்டால், காத்திருப்பவருக்குப் பொய்ச் செய்தி போகும். 'வர்றேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருப்பவர் சொன்னால் வருகை. வாசலில் நின்று சொன்னால் விடைபெறுதல்.

2017 முதல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் கிடைக்கிறது. நாளுக்கு நாள் தேறியும் வருகிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் அதனோடு பேசுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். இயந்திரத்தோடு பேசும்போது ஆட்கள் நிறுத்தி, அழுத்தி, மேடைத்தமிழுக்குப் பக்கமாக நாக்கைத் திருப்பிக்கொள்கிறார்கள். இயந்திரம் நம் பேச்சைக் கற்கும் அதே நேரத்தில் நாமும் அதற்கேற்ற பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறோம். எந்தப் பேச்சு தரமானது, எது 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று திருப்பி அனுப்பத்தக்கது என்கிற தீர்ப்பு ஒரு சொல்லாடலாக அல்லாமல் ஒரு பீப் சத்தமாக வந்து சேர்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்த வேலைதான். வாத்தியாரிடமாவது எதிர்த்துப் பேசலாம்.

4

எழுத்தை ஒருவர் குரலாக்கி இன்னொருவர் கேட்பது நமக்குப் புதுசு அல்ல. எழுத்தறிவு பரவாத காலத்தில் கடிதம் என்பதே அப்படித்தான் வந்தது. தபால்காரரோ, பள்ளிக்கூடம் போகிற பையனோ படித்துச் சொல்ல, வீடே உட்கார்ந்து கேட்கும். பதிலும் அதே திண்ணையில் வாயால் சொல்லப்பட்டு இன்னொரு கையால் எழுதப்படும். கை தொடாத செய்திப் போக்குவரத்து என்றால் இதுதான் அதன் மூத்த வடிவம்.

அந்த வாசிப்பாளர் செய்ததென்ன? கடிதத்தை முதலில் கண்ணால் ஓட்டிப் பார்ப்பார். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் சத்தமாகத் தொடங்குவார். சாவுச் செய்தி என்றால் குரல் இறங்கும்; 'உக்காரும்மா' என்பார்; பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொல்வார்; அதற்குப் பிறகுதான் வாசிப்பு. பிள்ளை எழுதிய கோபமான வரியைக் கொஞ்சம் தணித்துச் சொல்வதும் உண்டு, அதில் அவருடைய அதிகாரமும் கலந்திருந்தது. படிக்கத் தெரிந்தவன் படிக்காதவன் மீது செலுத்திய அதிகாரம் அது, அதைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர் யாருக்கு வாசிக்கிறோம் என்று பார்த்து வாசித்தார்.

இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதற்கு நெருங்கிய வேலை. ராஜா பாட்டிலும் செந்தமிழிலும் சொன்னதை அவன் ஊர்ப்பேச்சில் இறக்கிச் சொல்கிறான், கேலியும் சேர்க்கிறான், சபை தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறான். இரண்டு வழக்குகளுக்கும் நடுவில் நிற்கிற ஆள் அவன். காரின் குரலுக்கு இந்த இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது, இந்த வேலை கொடுக்கப்படவில்லை. தள்ளுபடி விற்பனைச் செய்தியையும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் செய்தியையும் அது ஒரே சுருதியில் வாசிக்கும். கேட்பவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரா, லாரியை முந்திக்கொண்டிருக்கிறாரா என்பது அதற்குப் பொருட்டல்ல.

பேச்சை உயிருள்ளதாகவும் எழுத்தை அதன் வெறும் நிழலாகவும் கருதிவந்த மேற்கத்தியச் சிந்தனை மரபை தெரிதா 1967-லேயே கேள்விக்குள்ளாக்கினார். குரல் இருந்தால் ஆள் இருப்பதாக நம்பிவிடுகிறோம் என்பது அவர் விமர்சனத்தின் ஒரு பக்கம். காரின் குரல் இந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்கிறது. மனிதக் குரல் கேட்டதும் பக்கத்து இருக்கையில் யாரோ இருப்பதுபோல நாம் தளர்ந்துவிடுகிறோம். பக்கத்து இருக்கையில் உண்மையிலேயே ஆள் இருந்தால் அவரும் சாலையைப் பார்ப்பார். எதிரே பஸ் திரும்பினால் வாயை மூடிக்கொள்வார். பயணியின் பேச்சு சாலை நிலைமைக்கேற்ப மாறுகிறது, தொலைபேசிப் பேச்சு அப்படி மாறுவதில்லை என்பதை ட்ரூஸ், ஸ்ட்ரேயர் குழுவினரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியிருக்கிறது.

5

ஸ்ட்ரேயர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர். அவர் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு நம் விஷயத்தை நேராகத் தொடுகிறது. வண்டி ஓட்டும்போது செய்யும் வேறு வேலைகள் மனதின் மீது ஏற்றும் சுமையை அளந்தார்கள். வெறுமனே ஓட்டுவதற்கு 1, மிகக் கடினமான கணக்கு-நினைவுச் சோதனைக்கு 5 என்று அளவுகோல். ரேடியோ கேட்பது 1.21. கையில் பிடித்துப் பேசும் போன் 2.45, கை தொடாத போன் 2.27. இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். பேச்சை எழுத்தாக்கும் செய்தி ஏற்பாடு 3.06. அதாவது கையில் போனைப் பிடித்துப் பேசுவதைவிடவும் மனச்சுமை அதிகம். 2015-ல் தொடர்ந்த ஆய்வில், சில குரல் ஏற்பாடுகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 நொடிவரை கவனம் முழுதாகத் திரும்பாமல் இருந்ததைக் கண்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடி என்பது 300 மீட்டர். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுப்பாதையில் 300 மீட்டருக்குள் எத்தனை வளைவு வரும் என்று அந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடம் வேறு. பாதி வாக்கியத்தில் அறுந்து, மறுபடி சொல்லச் சொல்லும்.

இந்த ஆய்வுகள் ஆங்கிலம் பேசுகிறவர்களை, அவர்கள் மொழிக்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடுகளை வைத்து நடந்தவை. மேலே பார்த்த மலை-மாலைக் குழப்பம் அந்த எண்ணில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு 2019-ல் திருத்தப்பட்டபோது, கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்று சேர்க்கப்பட்டது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனிக்க: சட்டத்தின் கண் கையில் இருக்கிறது. போலீஸ்காரருக்கும் கேமராவுக்கும் தெரிவது கைதான், கவனம் தெரியாது. தெரிவதைத் தண்டிப்பது சட்டத்தின் இயல்பு, அதில் தப்பு காண்பதற்கில்லை. ஆனால் தண்டனைக்கு எட்டாததெல்லாம் ஆபத்தில்லாதது என்று விற்பனைக்காரர் சொல்லும்போதுதான் சட்டத்தின் எல்லை பாதுகாப்பின் எல்லையாக மாற்றப்படுகிறது.

6

கடைசியாக ஒரு கேள்வி. இத்தனைக்குப் பிறகும் ஓட்டுகிறவர் ஏன் செய்தியைக் கேட்டாக வேண்டும்? சொந்தக் காரில் சுற்றுலா போகிறவருக்கு இது ஆசை அல்லது பழக்கம். வாடகை வண்டி ஓட்டுகிறவருக்கு அப்படி இல்லை. 'எங்க இருக்க?' என்று ஓனர் கேட்கிறார். 'எங்கண்ணா இருக்கீங்க, எவ்ளோ நேரமாகும்?' என்று அடுத்த சவாரி கேட்கிறது. பதில் தராவிட்டால் சவாரி போய்விடும். ஒருவனைக் கூப்பிடுவதன் மூலமே அவனைத் தன் ஆளாக அதிகாரம் ஆக்கிக்கொள்கிறது என்று அல்தூசர் சொன்னது இங்கே உருவகம் அல்ல, நடைமுறை. முன்பு வண்டி கிளம்பிவிட்டால் ஊர் போய்ச் சேரும்வரை டிரைவர் தன் பாட்டில் இருக்கலாம். அந்த இடைவெளியை கைபேசி பாதி எடுத்துக்கொண்டது. 'ஓட்டிக்கொண்டிருந்தேன், எடுக்க முடியவில்லை' என்று சொல்ல மீதி இருந்தது. கை தொடாத ஏற்பாடு அந்தச் சாக்கையும் எடுத்துக்கொள்கிறது. கைதான் சும்மா இருக்கிறதே, வாயால் பதில் சொல்ல என்ன கேடு?

ஆகவே இதில் நாம் கோர வேண்டியவை இரண்டு. ஒன்று, தமிழுக்கு இந்த ஏற்பாடு வரும்போது மேடைத்தமிழுக்கு மட்டுமல்லாமல் தர்மபுரி வேன்காரர் பேச்சுக்கும், ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழுக்கும் காது கொடுத்துச் செய்யப்பட வேண்டும். இதைச் செய்ய மொழி தெரிந்தவர்கள், வட்டார வழக்கு சேகரித்தவர்கள் தேவை. தமிழ் படித்தவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. இரண்டாவது இதைவிட முக்கியம். எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் ஓடும் வண்டிக்குள் நடக்கும் வாசிப்பு கவனத்தைத் தின்னத்தான் செய்யும். வண்டி ஓடும்போது செய்தியை நிறுத்தி வைத்து, 'ஓட்டுகிறார், நின்றபின் பார்ப்பார்' என்று அனுப்பியவருக்குத் தானே சொல்லிவிடும் ஏற்பாடு பல கைபேசிகளில் இப்போதே இருக்கிறது. அதைப் போட்டு வைப்பது டிரைவரின் உரிமை என்று ஓனரும் சவாரியும் ஒப்புக்கொள்ள வேண்டும். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரிடம் பதில் எதிர்பார்ப்பதை முதலில் அனுப்புகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.