மலிவு எங்கிருந்து வந்தது? துருக்கிக் கைத்துப்பாக்கி சொல்லும் வியாபாரக் கணக்கு

"மலிவுச் சாமான் என்றால் மட்டச் சாமான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் எம்மில் உண்டு. "எல்லாம் ஒரே தொழிற்சாலையில்தான் வருகிறது, பெயருக்குத்தான் காசு" என்று சொல்பவர்களும் உண்டு. இருபது வருடங்களுக்கு மேலாகக் கைக்கருவிகள் இறக்குமதி செய்து வருபவன் என்ற வகையில் இந்த இரண்டு பேச்சையும் நான் அடிக்கடி கேட்கிறேன். இரண்டும் அரைகுறை உண்மைகள். ஒரு பொருள் மலிவா என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்தவர் மலிவுச் சரக்கிலும் நல்ல பெயர் எடுக்கிறார். கேட்காதவர் விலை கூடிய சரக்கிலும் பெயரைக் கெடுத்துக் கொள்கிறார்.

இதை விளக்க இவ்வாரம் சற்று வித்தியாசமான ஒரு பண்டத்தை எடுத்துக் கொள்கிறேன். ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையாகும் மலிவு விலை இறக்குமதிக் கைத்துப்பாக்கிகள்தான் அது. முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதோ கொண்டு வருவதோ குற்றம். ஆகவே இது நாம் வாங்கி விற்கக் கூடிய சரக்கு அல்ல. ஆனால் தரத்தையும் விலையையும் எடைபோடும் பாடத்துக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசானை நான் காணவில்லை. மலிவான குடை பழுதானால் நனைவோம். மலிவான துப்பாக்கி பழுதானால் ஆள் சாவான்.

கருங்கடல் ஓரத்து ஊர்கள்

அமெரிக்கக் கடைகளில் ஒஸ்ட்ரியாவின் கிளொக் 17 என்ற துப்பாக்கிதான் பலருக்கு அளவுகோல். அதன் விலை சுமார் 500 முதல் 600 டொலர். 2010களின் நடுப்பகுதியில், துருக்கியின் கனிக் கம்பனி செய்த டீபீ9 வரிசைத் துப்பாக்கிகள் அதே கடைகளில் 400 டொலருக்கும் குறைவாக வந்து சேர்ந்தன. முதலில் வாங்கியவர்கள் விலைக்காக வாங்கினார்கள். பின்னர் வந்தவர்கள் அதன் விசை இழுப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக வாங்கினார்கள். மலிவுச் சரக்கு ஒன்று தரத்துக்காகத் தேடப்படும் நிலைக்கு வருவது சாதாரண விடயமல்ல.

இந்தத் துப்பாக்கிகள் துருக்கியின் கருங்கடல் கரையிலிருந்து வருகின்றன. கனிக் 1998இல் சம்சுன் நகரில் தொடங்கப்பட்டது. கிர்சான் கம்பனி கிரேசுன் நகரில் இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்ட டிசாஸ் டிராப்சோனில் இருக்கிறது. துப்பாக்கி செய்வது நெடுங்காலமாகக் கைத்தொழிலாக இருந்துவந்த பிரதேசம் அது.

இவர்களுக்கு மலிவு எங்கிருந்து வந்தது? நான் பார்த்த வரையில் மூன்று இடங்களிலிருந்து.

முதலாவது, வடிவமைப்புச் செலவு இல்லை. கனிக்கின் டீபீ9, ஜேர்மனியின் வோல்தர் கம்பனி 1990களில் கொண்டு வந்த பீ99 துப்பாக்கியின் வழி வந்தது. டிசாஸ் பெருமளவில் செய்வது 1911 மொடல். அமெரிக்க இராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட அந்த வடிவத்தின் காப்புரிமை காலாவதியாகிப் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. பிலிப்பைன்ஸின் ஆம்ஸ்கோர் கம்பனியும் இதே மொடலைத்தான் ரொக் ஐலண்ட் என்ற பெயரில் விற்று அமெரிக்காவில் கால் ஊன்றியது. கிர்சான் செய்வது 1935இல் வந்த பெல்ஜியத்தின் ஹைபவர் மொடலின் பிரதி. 2022இல் பெல்ஜியக் கம்பனியே அதே பெயரில் புதிய துப்பாக்கியை 1,200 டொலருக்கு மேல் விலை குறித்து வெளியிட்டபோது, கிர்சானின் பிரதி அதன் பாதி விலைக்கும் குறைவாகக் கடையில் இருந்தது.

இரண்டாவது, கூலியும் நாணயமும். 2010இல் ஒரு டொலருக்கு ஒன்றரை லீரா அளவில் இருந்தது. 2024இல் அது 30 லீராவைத் தாண்டியது. டொலரில் விற்று லீராவில் கூலி கொடுப்பவருக்கு இது பெரிய அனுகூலம். உள்நாட்டு விலைவாசி ஏற்றம் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, பெயருக்குக் கொடுக்கும் காசு. புதிய பிராண்ட் தன் பெயரை விலையில் ஏற்ற முடியாது. அதனால் பெட்டிக்குள் சாமான் கூட வைத்தார்கள். கனிக் பெட்டியைத் திறந்தால் உறை, கைப்பிடிக்கு மாற்றுப் பாகம், துப்புரவுச் சாமான் எல்லாம் இருந்தன. மற்றவர்கள் இவற்றைத் தனியாக விற்றார்கள்.

இந்த மூன்றிலும் இரும்பில் கை வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தானியங்கித் துப்பாக்கி சிக்கிக்கொள்வதற்கு அடிக்கடி காரணமாவது ரவைக்கூடுதான். கனிக் தன் டீபீ9 துப்பாக்கிக்கு ரவைக்கூட்டை இத்தாலியின் மெக்கார் கம்பனியிடம் வாங்கியது. பல பெரிய பிராண்டுகளுக்கும் ரவைக்கூடு கொடுக்கும் கம்பனி அது. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்த உற்பத்தியாளரின் அடையாளம் இதுதான்.

பிரேஸிலின் இரண்டு முகம்

அடுத்ததாக பிரேஸிலின் டோரஸ் கம்பனியை எடுத்துக் கொள்வோம். இது 1939இல் தொடங்கப்பட்டது. 1980இல் இத்தாலியின் பெரேட்டா கம்பனி சாவோ பாவ்லோவில் நடத்திய தொழிற்சாலையை டோரஸ் வாங்கியது. இயந்திரங்களும் வரைபடங்களும் தொழிலாளர்களும் கையோடு வந்தார்கள். அங்கிருந்து வந்த பீடீ92 துப்பாக்கி பெரேட்டாவின் 92 மொடலை ஒத்தது, விலையோ குறைவு. அதை வாங்கியவர்கள் பொதுவாகத் திருப்தியோடு வைத்துக் கொண்டார்கள். அந்த மலிவு நல்ல இடத்திலிருந்து வந்த மலிவு.

அதே கம்பனியின் வேறு 9 மொடல்கள் பற்றி அமெரிக்காவில் வழக்கு வந்தது. கீழே விழுந்தால் வெடிக்கிறது, பாதுகாப்புப் பூட்டுப் போட்டிருக்கும்போதும் சுடுகிறது என்பது முறைப்பாடு. 2015இல் கம்பனி தன் மீது குற்றத்தை ஏற்காமலேயே சமரசத்துக்கு வந்தது. அதில் அடங்கிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 10 இலட்சம். அதன் பின் டோரஸ் புதிய மொடல்களைக் கொண்டு வந்தது. 2019இல் தன் அமெரிக்கத் தொழிற்சாலையை புளோரிடாவிலிருந்து ஜோர்ஜியா மாநிலத்துக்கு மாற்றியது. 200 டொலர் அளவில் விற்ற அதன் சிறிய ஜீ2சி துப்பாக்கி அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையானது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் "எந்த மொடல், எந்த வருடம்?" என்று கேட்கும் வழக்கம் வாங்குபவர்களிடம் தங்கிவிட்டது. ஒரு பிராண்ட் நல்லது அல்லது கெட்டது என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சட்டம் தரத்தைக் கொண்டு வராது

மலிவுத் துப்பாக்கியைச் சட்டத்தால் தடுக்கவும் அமெரிக்கா முயன்றது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுப் பாவனைக்கு உகந்த துப்பாக்கிகளை மாத்திரமே இறக்குமதி செய்யலாம் என்றது. இதற்காகப் புள்ளி முறை ஒன்று வந்தது. நீளத்துக்கு இத்தனை புள்ளி, நிறைக்கு இத்தனை, பாதுகாப்பு அமைப்புக்கு இத்தனை என்று கணக்கிட்டு ஒரு பிஸ்டல் 75 புள்ளிகள் எடுக்க வேண்டும்.

விளைவு என்ன? ஜேர்மனியின் ரோம் கம்பனியின் மலிவு ரிவோல்வர்கள் முழுதாக வர முடியாமல் போனபோது, பாகங்களாக வந்து மயாமியில் பூட்டப்பட்டன. 1981இல் ஜனாதிபதி ரீகனைச் சுட்டது அப்படியான ஒரு ரிவோல்வர்தான். இன்னொரு பக்கம், தென் கலிபோர்னியாவில் உள்நாட்டுக் கம்பனிகள் முளைத்து, நாகக் கலவையில் வார்த்த மிக மலிவான துப்பாக்கிகளைச் செய்தன. இறக்குமதிச் சட்டம் அவற்றைத் தொடவில்லை. அவற்றில் ஒன்றான பிரைக்கோ கம்பனியின் ஒரு மொடலில், ரவையை வெளியே எடுப்பதற்கே பாதுகாப்புப் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அப்படி எடுக்கும்போது வெடித்து ஒரு சிறுவன் நடமாட முடியாதவனான். 2003இல் நடுவர் குழு கோடிக்கணக்கான டொலர் நட்டஈடு விதித்தது. கம்பனி வங்குரோத்து ஆனது. சில டொலர்களை மிச்சம் பிடிக்கும் வடிவமைப்பின் உண்மையான விலை இது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. அமெரிக்காவின் பாவனையாளர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்குப் பொம்மைத் துப்பாக்கி மீது அதிகாரம் உண்டு, உண்மையான துப்பாக்கி மீது இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மாத்திரம் துப்பாக்கியைக் கொங்கிரீட் மீது விழுத்திப் பரிசோதிக்கின்றன. மற்ற இடங்களில் தரத்துக்குப் பொறுப்பு உற்பத்தியாளரும், இறக்குமதியாளரும், கண் திறந்து வாங்குபவரும்தான்.

விலை கூடியதென்று நம்பிவிடவும் முடியாது. 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் சிக் சவர் கம்பனியின் பீ320 வடிவத்தைத் தெரிவு செய்தது. மதிப்புள்ள பெயர், குறைவில்லாத விலை. அதே வருடம் ஓகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் அதன் பொதுச் சந்தை மொடல் வெடிக்கக் கூடும் என்பது வெளிவந்து, கம்பனி இலவசமாகப் பாகங்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எமக்கான கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் குவாங்சோவில் ஒரு தொழிற்சாலையில், ஒரே ட்ரில் மெஷினுக்கு எனக்கு மூன்று விலை சொன்னார்கள். வெளிக்கூடு ஒன்று, நிறம் ஒன்று, பெட்டி ஒன்று. உள்ளே செப்புக் கம்பியின் கனமும், பெயாரிங்கும், கியரின் உலோகமும்தான் வேறு. கடை இறாக்கையில் மூன்றையும் அருகருகே வைத்தால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே துப்பாக்கிச் சந்தை படித்த பாடத்தை எமது சரக்குக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது, விலை குறைந்த காரணத்தை வழங்குனரிடம் நேராகக் கேளுங்கள். பழைய வடிவம், குறைந்த கூலி, பெயரில்லாத பிராண்ட் என்றால் பயப்பட வேண்டியதில்லை. உலோகம், தடிப்பு, பரிசோதனை ஆகியவற்றில் குறைத்ததென்றால் அது மலிவல்ல, கடன். அந்தக் கடனைப் பிறகு கட்டப் போவது நீங்கள்.

இரண்டாவது, பழுதானால் ஆபத்து எந்தப் பாகத்தில் என்று பாருங்கள். துப்பாக்கிக்கு ரவைக்கூடும் பாதுகாப்புப் பூட்டும் போல, மின்சாதனத்துக்கு வயரும் பிளக்கும், கேஸ் அடுப்புக்கு வால்வும் குழாயும். அந்தப் பாகம் யாருடையது என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, உதிரிப்பாகம். 1911 மொடலின் பிரதி பிலிப்பைன்ஸில் செய்தாலும் டிராப்சோனில் செய்தாலும், ரவைக்கூடு எந்த நகரத்திலும் கிடைக்கும். தனக்கென்று தனி வடிவம் உள்ள மலிவுச் சாமான், கம்பனி மூடப்பட்ட நாளோடு பழைய இரும்பாகிவிடும்.

நான்காவது, முழுச் செலவு. அங்கே ஒரு ரவை சாதாரண காலத்தில் 20 முதல் 30 சதம். நம்பி வைத்துக்கொள்ளுமுன் சில நூறு ரவைகளாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள். பரிசோதிக்கவே துப்பாக்கி விலையில் ஒரு பங்கு போகிறது. நாமும் முதல் தடவை இறக்கும் சரக்கில் சில பெட்டிகளை உடைத்து, ஓட்டி, கெடுத்துப் பார்ப்பதற்கென்று ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். அது வீண் செலவல்ல, கொள்முதலின் ஒரு பகுதி.

ஐந்தாவதுதான் முக்கியமானது. வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று அமெரிக்காவுக்குள் வந்தால், அதன் உலோகத்தில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் மாநிலமும் பொறிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். குற்றவாளிகள் செய்யும் கொலைக்காக இறக்குமதியாளர்மீது வழக்குப் போடுவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. ஆனால் சரக்கின் குறைபாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சம்சுனில் உள்ள தொழிற்சாலையைத் தேடிப் போக வாங்கியவரால் முடியாது. துப்பாக்கியில் பெயர் உள்ளவரைத்தான் தேடி வருவார். அதனால் அங்குள்ள நல்ல இறக்குமதியாளர் கொள்கலனைத் திறக்கும் முன்பே பழுதுபார்க்கும் ஏற்பாட்டைச் செய்து வைக்கிறார்.

எமது சரக்கில் அப்படிப் பொறிக்கச் சொல்லி எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வாடிக்கையாளர் பெட்டியில் உள்ள சீனப் பெயரை ஞாபகம் வைப்பதில்லை. "இன்ன கடையில் வாங்கினேன்" என்றுதான் சொல்வார். அடுத்த கொள்வனவுக் கட்டளையில் கையெழுத்திடுமுன், கடையின் பெயரை ஒவ்வொரு சாமானிலும் ஆழமாகப் பொறிப்பதாக ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மனம் சம்மதித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் துணிந்து வாங்கலாம். தயங்கினால், அந்தச் சரக்கை அந்தத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் இலாபம்.