ஒட்டினால்தான் மருந்து

மற்ற ஆன்டிபயாடிக் எதற்கும் கிருமி அடங்காதபோது, ஐசியூவில் டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் ஊசிகளில் ஒன்று கொலிஸ்டின். இதே மருந்தை 2019 வரை நம் நாட்டில் கோழித்தீவனத்திலும் கலந்தார்கள். நோய்க்காக மட்டுமல்ல, கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்றும்தான். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நமக்கு இது ஊரார் கதை அல்ல.

மருந்து பழசு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து ஜப்பானில் பிரித்தெடுத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டினார்கள். பிறகு கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் புது மருந்துகளுக்கெல்லாம் தண்ணி காட்டவே, அட்டாலியில் போட்டுவைத்த பித்தளைப் போசியைத் தேடி இறக்கிய கதையாக இதை மறுபடி எடுத்தார்கள்.

வேலை செய்யும் விதம் திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சாயப்பட்டறையில் பருத்தித் துணிக்கும் எதிர்மின்னேற்றம், சாயத்துக்கும் எதிர்மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணியை நெருங்கும். (நொய்யல் ஆற்றைக் கரிக்க வைத்ததில் அந்த உப்புக்கும் பங்குண்டு.) கொலிஸ்டினுக்கு உப்பு வேண்டாம். அது நேர்மின்னேற்றம் கொண்டது, கிருமியின் வெளிச்சவ்வு எதிர்மின்னேற்றம் கொண்டது. போய் ஒட்டிக்கொண்டு, சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பெயர்த்துவிடும். சவ்வு கிழிந்து கிருமி சாகும். அப்படியொரு வெளிச்சவ்வு இல்லாத பாக்டீரியாவிடம் இதன் பாச்சா பலிக்காது. வைரஸ் காய்ச்சலுக்குக் கேட்கவே வேண்டாம்.

கிருமி சும்மா இருக்குமா? சவ்வின் மேல் ஒரு சிறு மூலக்கூறைப் பொருத்தி மின்னேற்றத்தைக் குறைத்துக்கொள்கிறது. மருந்து ஒட்ட வழியில்லை. இந்த வித்தையைக் கற்றுத்தரும் எம்சிஆர்-1 என்ற மரபணுவை 2015-இல் சீனாவில், பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனத்துக்கே தாவக்கூடிய டிஎன்ஏ வளையத்தில் அது உட்கார்ந்திருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. தீவனத்தில் தினமும் கொஞ்சமாகக் கலக்கும் மருந்து கோழியின் ரத்தத்தில் அதிகம் சேராது, குடலிலேயே நிற்கும். அங்கே சாகாமல் தப்பிய கிருமிகள் பெருகும். எச்சத்தோடு வெளியேறி, எருவாகத் தோட்டத்துக்கும் வந்து சேரும்.

2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது. என்னைக் கேட்டால் தாமதம்தான். ஐசியூ டாக்டருக்கோ இன்றும் இருபக்கமும் இடி: அளவு குறைந்தால் கிருமி தப்பும், கூடினால் சிறுநீரகம் போகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த டோஸைப் போடுகிறார்.