தங்கவயலின் ஈஸ்டர் விடியல்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கோலார் தங்கவயலோடு ஏதாவது ஒரு உறவு இல்லாத குடும்பம் குறைவு. 1880-க்குப் பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் வாரிசுகள்தாம் நம்மில் பலர். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஈஸ்டர் வந்தால் அந்த லைன் வீடுகளில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். செத்தவர் உயிர்த்தெழுவது நடக்கிற காரியமா?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையைத் தொட்டால் சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சரிவதும் உண்டு. 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரங்கள் அதிர்ந்ததுமே பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். ஒவ்வொரு முறை கேஜ் மேலே வரும்போதும் யார் வருகிறார் என்று பார்த்து நிற்பார்கள்.

எங்கள் ஆயாவின் தம்பி ஒருநாள் அப்படி மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஈஸ்டர் விடியற்காலையில் மற்றவர்கள் தத்தம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற, ஆயா பொதுவாக நின்ற சிலுவையடியில் ஒன்றை வைப்பார். ஒரு வருடம் போதகரிடமே கேட்டுவிட்டாராம்: "ஐயா, இயேசு கல்லறைக்கு ஒரு கல்லுதான். எந்தம்பி மேல மலையே கெடக்குது. அவன் எப்டி ஐயா எழுந்து வருவான்?" போதகர் உடனே பதில் சொல்லவில்லை. அதை ஆயா பிற்காலத்திலும் மரியாதையோடுதான் சொல்வார்.

பக்கத்து வீட்டுத் தாத்தா பௌத்தர். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. 1914-ல் அவர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழை, 1926-ல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். அதைப் படித்து வளர்ந்த தாத்தா, "எழுந்ததைப் பார்த்தவன் யாரும்மா? இன்னா சாட்சி?" என்பார். ஆனால் ஆயாவின் தம்பியைத் தேடி இறங்கியவர்களோடு மூன்று நாள் கீழே இருந்தவரும் அவரே. ஆயா அவரோடு வாதாடியதே இல்லை. காப்பி கொடுப்பார்.

வேதத்தைப் பார்த்தால் சந்தேகம் அதற்குள்ளேயே இருக்கிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் ஏடுகளில் மாற்கு சுவிசேஷம், காலியான கல்லறையைக் கண்ட பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. மிச்ச வசனங்கள் பிற்காலச் சேர்க்கை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கொரிந்து சபையிலேயே உயிர்த்தெழுதல் இல்லை என்றவர்கள் இருந்தார்கள். பவுல் அவர்களுக்காக ஒரு நீண்ட அதிகாரமே எழுதினார். விதைப்பது ஒன்று, முளைத்து வருவது வேறொன்று என்று உழவர் பேச்சில் விளக்கினார். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமாவையும் யாரும் துரத்தவில்லை. மயிலாப்பூருக்கு வந்ததாக மரபு சொல்வது அந்தத் தோமாவைத்தான். நம் நாட்டுக்கு வாய்த்த அப்போஸ்தலர் சந்தேகப்பட்டவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

போதகர் மறு வாரம் வீட்டுக்கே வந்து அந்த விதை உவமையைத்தான் சொன்னாராம். ஆயா கேட்டுவிட்டு, "வெதைச்சவங்களுக்கு எங்க வெதைச்சோம்னு தெரியும் ஐயா. எனக்கு அதுகூடத் தெரியாதே" என்றாராம். ஆனாலும் அடுத்த ஈஸ்டருக்கும் மெழுகுவர்த்தி வாங்கினார்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கீழ்த்தளங்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஆயாவும் இப்போது அதே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். போன ஈஸ்டருக்கு முந்தின நாளே ரயிலேறி மாரிக்குப்பத்தில் இறங்கினோம். விடியற்காலையில் ஆயா கல்லறையில் ஒன்றும் சிலுவையடியில் ஒன்றும் ஏற்றினோம். இரண்டாவது யாருக்கு என்று மகள் கேட்டாள். சொன்னேன். "அவர் எழுந்து வருவார்னு நீங்க நம்புறீங்களாப்பா?" என்றாள். சில வருடம் நம்ப முடிகிறது, சில வருடம் முடிவதில்லை என்று உள்ளபடியே சொன்னேன்.