பழைய புல்லட்டுக்குப் புதுப் பூச்சு: பட்டறையில் விடும் முன் கவனிக்க வேண்டியவை



காலடிப்பேட்டை, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வட்டாரத்தில் கடை நடத்தும் நம்மில் பலர் வீட்டு வாசலில் அப்பா காலத்துப் புல்லட் ஒன்று நிற்கிறது. கொத்தவால் சாவடிக்குக் கொள்முதலுக்குப் போனதும், பாக்கி வசூலுக்கு அலைந்ததும் அதில்தான். இன்று பெயிண்ட் உரிந்து, மட்கார்டில் துரு ஏறி நிற்கும் அந்த வண்டியைப் புதுப்பிக்க நம் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் கேட்கும் வண்ணம் பெரும்பாலும் பட்டாளப் பச்சை, அல்லது புள்ளியும் திட்டுமாக உள்ள ராணுவச் சீருடை வண்ணம். இதில் உள்ள சிக்கலை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது அவசியம் எனக் கருதுகிறோம்.

துப்பாக்கி வழி வந்த வண்டி

புல்லட்டுக்குப் பட்டாள வண்ணம் பூசும் ஆசை காரணமில்லாமல் வந்ததல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த மூல நிறுவனம், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது. என்ஃபீல்டு என்ற பெயரும், துப்பாக்கியைப் போல உறுதியானது என்ற விளம்பரமும் அப்படி வந்தவையே. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூர் தொழிற்சாலையின் சங்கு ஒலி கேட்டுக் கடை திறந்த காலத்தை நம் மூத்த வணிகர்கள் அறிவார்கள். 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை வரும்வரை புல்லட் என்றால் திருவொற்றியூர்தான்.

சட்டம் சொல்வது என்ன?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆவது விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. ராணுவ வண்டி எது, பொதுமக்கள் வண்டி எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் அல்லவா? இந்த விதி தயாரிப்பாளருக்கும் உண்டு. 2018இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினர் பயன்படுத்திய வண்டியின் நினைவாக 'பெகாசஸ்' என்ற பெயரில் உலகம் முழுவதற்குமாக 1000 வண்டிகளே செய்தது. வெளிநாட்டில் பச்சையும் பழுப்பும் விற்றன. இந்தியாவுக்கு ஒதுக்கிய 250 வண்டிகளும் பழுப்பு வண்ணத்தில் மட்டுமே வந்தன. தயாரித்தவர்களே பூசாத பச்சையை நாம் பட்டறையில் பூசலாமா?

எல்லாப் பச்சைக்கும் தடை இல்லை. கரும்பச்சை, இலைப்பச்சை தாராளமாகப் பூசலாம். திட்டுத் திட்டான ராணுவ வண்ணத்தில் பெரும்பாலும் ஆலிவ் பச்சையே அடிப்படையாக இருக்கும். எந்தப் பச்சை எந்த விதியில் வரும் என்று நடுரோட்டில் அதிகாரியிடம் வாதாடிக்கொண்டிருந்தால் கடையை யார் பார்ப்பது?

இன்னொன்று: ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வண்ணம் பதிவாகியிருக்கும். பழைய வண்ணத்தையே மீண்டும் பூசினால் தொல்லை இல்லை. வண்ணத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். வண்டி ஒரு வண்ணம், புத்தகம் ஒரு வண்ணம் என்றிருந்தால் விற்கும்போதும், இன்சூரன்ஸ் கேட்கும்போதும் கேள்வி எழும். பதிவாகி 15 ஆண்டு ஆன சொந்த உபயோக வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், இந்தக் கேள்வியைத் தவிர்க்கவும் முடியாது.

உப்புக்காற்றுக்கு ஈடு கொடுக்கும் பூச்சு

நம் பகுதியில் பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது கடல்தான். துருக் குழிகளில் உப்பு தங்கியிருக்க, அதன் மேல் பூசினால் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் கொப்பளித்துவிடும். ஆகவே பட்டறைக்காரரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

1. துருவை வெறும் உலோகம் தெரியும்வரை நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமின்றிக் காய வைக்க வேண்டும். பிரைமரை அன்றே பூச வேண்டும். ஓர் இரவு வெறும் இரும்பாக விட்டால் காலையில் மீண்டும் துரு பிடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம்.

2. சட்டகத்துக்கும் ஸ்டாண்டுக்கும் பவுடர் கோட்டிங் ஏற்றது. சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகிப் படிவதால் உறுதியாக நிற்கும். மரை உள்ள இடங்களையும் பேரிங் அமரும் இடங்களையும் மூடிவிட்டே பூச வேண்டும். பட்டி வைத்து நிரவிய டேங்குக்கு இது ஆகாது. சூட்டில் பட்டி விட்டுப்போகும். டேங்குக்கு ஸ்ப்ரே பெயிண்டே சரி.

3. டேங்கில் வெல்டிங் வேலை இருந்தால், பெட்ரோலைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. காலி டேங்கில் தங்கும் ஆவி வெடிக்கும். முறையாகக் கழுவிச் சுத்தம் செய்யும் பட்டறையிலேயே கொடுக்க வேண்டும்.

4. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் உயிர் போன்றவை. கிரைண்டர் பட்டு அழிந்தாலோ, தடித்த பூச்சில் மறைந்தாலோ, சொந்த வண்டியே திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு ஆளாகும். வேலைக்கு முன்பே பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. டேங்கில் உள்ள மெல்லிய தங்கநிறக் கோடு நன்றாக இருந்தால் அதை அழிக்காதீர்கள். திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர்கள் அச்சோ ஸ்டிக்கரோ இல்லாமல் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த கோடு அது. பெயிண்ட் மங்கியிருந்தாலும் கோடு உள்ள டேங்கைப் பாலிஷ் மட்டும் செய்து வைத்துக்கொள்ளலாம்.

சரக்கு வாங்கும்போது ஒவ்வொரு உருப்படிக்கும் பில் கேட்கும் நாம், பட்டறையில் மட்டும் மொத்தத் தொகை பேசிவிட்டு வருகிறோம். துரு நீக்கல், பிரைமர், பெயிண்ட், கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குவோம். எது விடுபட்டது என்று அப்போதுதான் தெரியும். மேல் பளபளப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடியில் பிரைமர் உண்டா இல்லையா என்பது அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும்.

மூட்டையின் மேற்புறத்தில் நல்ல அரிசியும் அடியில் நொய்யும் வைத்தால் நாம் ஏற்பதில்லை. வண்டிக்கும் அதே நியாயம்தான். அப்பா வாங்கிய கறுப்பு வண்ணத்திலேயே, ஆர்.சி.யில் உள்ளபடியே, அடிப்பூச்சு சரியாகப் போட்டு வைத்தால் அந்த வண்டி பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும். பட்டாளப் பச்சையைப் பட்டாளத்துக்கே விட்டுவிடுவோம் என உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.