அவன், அவள், அவர்

கதையில் வரும் பாத்திரம் ஒன்றை அவன் என்பதா, அவள் என்பதா, அவர் என்பதா என்னும் வினா இலக்கண வினாவாகத் தோன்றினும், அதனுள் மரியாதை பற்றிய வினாவும் அடங்கியுள்ளது.

நேயர்களே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையிலே உடப்பு என்னும் தமிழ் மீனவர் ஊர் இருப்பதை அறிவீர்கள். அங்குள்ள திரௌபதையம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் 18 நாள் ஆடி விழாவும் தீமிதிப்பும் நடைபெறுகின்றன. பாரதப் போரும் 18 நாள் நடந்ததே. அக்கதை அம்மக்களுக்கு ஏட்டில் உறங்கும் கதையன்று; வழிபாட்டோடு கலந்து வாழும் கதையாகும்.

அக்கதையிலே ஆண், பெண் என்னும் இரு வரம்புக்குள் எளிதில் அடங்காத பாத்திரங்கள் உள்ளனர். விராடன் நகரில் ஓராண்டு மறைந்து வாழ்ந்த அருச்சுனன் பிருகன்னளையாகி, உத்தரைக்கு ஆடல் கற்பித்தான். அம்பை மறுபிறப்பில் துருபதன் மகளாகப் பிறந்து, மகனாக வளர்க்கப்பட்டு, இயக்கன் ஒருவனிடம் ஆண்மை பெற்றுச் சிகண்டியானாள். இவ்விருவரும் ஒரே நிலையினர் அல்லர். முன்னவர் பூண்டது மறைந்து வாழ்வதற்கான கோலம். பின்னவர் பெற்றதோ நிலையான மாற்றம். போரின் பத்தாம் நாளில் சிகண்டி எதிர்வந்தபோது, வீட்டுமர் படைக்கலம் தொட மறுத்தார். அவர் கண்டது சிகண்டியின் முன்னைய நிலையை. பாண்டவர் கண்டதோ, தம்மோடு தேரேறி நின்ற வீரனை. ஒருவரை அவர் நேற்றிருந்த நிலையால் அறிவதா, இன்று நிற்கும் நிலையால் அறிவதா என்னும் வழக்கை அக்களம் நம்முன் வைக்கிறது.

அவ்வழக்கு இன்று புதியதோர் களத்துக்கு வந்திருக்கிறது. நம் இளைஞர்கள் கணினியிலும் கைபேசியிலும் விளையாடும் விளையாட்டுகளும் கதைகளே. 2015ஆம் ஆண்டில் அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ என்னும் விளையாட்டின் தலைமைப் பாத்திரம் ஃபிரிஸ்க் என்னும் குழந்தை. அக்குழந்தை ஆணென்றோ பெண்ணென்றோ கதை சொல்வதில்லை. 2019இல் வெளிவந்த ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் பிளட்ஹவுண்ட் என்னும் வேட்டை வீரர் இருபாலுக்கும் அப்பாற்பட்டவராகப் படைக்கப்பட்டிருக்கிறார். இவர்களைச் சுட்ட ஆங்கிலத்தில் ‘தே’ என்னும் பொதுச்சொல் வழங்குகிறது. ஆயினும் இரசிகருட் சிலர், “இது ஆண்தான்”, “இல்லை, பெண்தான்” என்று வாதிட்டு, படைத்தவர் தந்த நிலையை ஏற்க மறுக்கின்றனர்.

தமிழ் பேசும் இரசிகர், “நம் மொழியில் இதற்கு இடமில்லையே” என்று கூறக்கூடும். அக்கூற்று பொருந்தாது. தொல்காப்பியர், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் சொல்லையும் தெய்வத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒரே நூற்பாவில் வைத்தார். இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லையென்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே இவை பெறுமென்றும் விதித்தார். நன்னூலாரோ, பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொண்டார். ஒருவருடைய விருப்பத்தையே பாலை அறியும் அளவுகோலாக வைத்தமை இங்கு நோக்கத்தக்கது. அதே நூற்பா, அவர்கள் அஃறிணை போலவும் ஆவர் என்று முடிகிறது. இப்பகுதியை இன்று நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

இருபாலிலும் சேராதவருக்கு என் செய்வது? ‘அவர்’ என்னும் சொல் இருக்கிறது. பலர்பாலுக்குரிய அச்சொல்லை ஒருவர்க்கு மரியாதை கருதி நாள்தோறும் வழங்குகிறோம். ஆசிரியர் வந்தார் என்றால், வந்தவர் ஆணோ பெண்ணோ என்று கேட்பவர் மயங்குவதில்லை. பிளட்ஹவுண்ட் வந்தார், வில்லெடுத்தார் என்பதில் தமிழுக்கு யாதொரு குறையும் நேராது. ஆங்கிலத்தில் வாதத்துக்கு இடமாகும் இப்பொதுமை, தமிழில் பேச்சு வழக்காகவே இருக்கிறது.

ஃபிரிஸ்க் போன்ற சிறு குழந்தையை அவர் என்பது செயற்கையாகத் தோன்றலாம். அதற்கும் வழியுண்டு. ‘பிள்ளை’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நம் நாட்டில் வழங்கும் சொல். பிள்ளை சிரித்தது என்னுமிடத்து அஃறிணை முடிபு வருவது அன்பினாலாகும். ஆனால் வளர்ந்த ஒருவரை ‘அது’ என்றால், அம்முடிபே இழிவாகிவிடுகிறது. உவப்பினாலும் இழிப்பினாலும் திணை மாறுவதுண்டு என்று நன்னூலும் குறிக்கிறது. ஆகவே சொல் ஒன்றேயாயினும், சொல்பவர் உள்ளத்தைக் கேட்பவர் அறிவர்.

கற்பனைப் பாத்திரத்துக்காக இத்துணைக் கவலை ஏன் என்று சிலர் வினவலாம். சிலப்பதிகாரம் கூறும் மாதவியின் பதினோராடலில் ஒன்று பேடு. காமன் ஆடியதாகச் சொல்லப்படுவது. ஒருகாலத்தில் அரங்கிற்குரியதாயிருந்த அச்சொல்லின் வழிவந்த ‘பேடி’, பின்னர் கோழையைக் குறிக்கும் வசையாயிற்று. சிகண்டி என்னும் பெயரும் வசையாயிற்று. அவ்வசையைக் கேட்கும் இளைஞரில் சிலர் தம்மை ஆணென்றும் பெண்ணென்றும் உணராதவர். தம்மைப் போன்ற பாத்திரத்தை நண்பர் எள்ளும்போது, தம் நிலை தெரியவந்தால் என்ன நேருமென்பதை அவர்கள் அங்கேயே கற்றுக்கொள்கின்றனர். அன்றிலிருந்து வாய் திறவாதிருக்கவும் பழகுகின்றனர்.

சட்டமும் மெல்ல மெல்ல நகர்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. இலங்கையில் 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழியாகப் பாலின ஏற்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வீட்டு முற்றத்திலும் வகுப்பறையிலும் நாம் வழங்கும் சொற்களைச் சட்டம் திருத்தாது. அவற்றை நாமே திருத்திக்கொள்ள வேண்டும்.

படைத்தவர் ஒரு பாத்திரத்தை எவ்வாறு அழைக்கிறாரோ அவ்வாறே நாமும் அழைத்தல் கதை கேட்போரின் முதற் கடமை. இரசிகர் தம் கற்பனையில் ஓவியம் தீட்டலாம், புதுக்கதை புனையலாம். அப்பாத்திரத்தின் நிலையைப் பொய்யென்று பிறர்மேல் சுமத்தலாகாது. பாத்திரத்தை ‘அவர்’ என்று அழைக்கப் பழகிய நா, நாளை அண்டை வீட்டுப் பிள்ளையொன்று தன் நிலையைக் கூறும்போதும் வசை தேடாது.